தொடையில் தாளம் போட முடியாத கச்சேரி

வாசகர் கேள்வி – பதில்

ஃப்ரீ ஜாஸ் பற்றியும், முன்தயாரிப்பு இல்லாமல் மேடையில் அப்போதே உருவாகும் இசை பற்றியும் கொங்குப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கச்சேரி நடத்த நினைப்பவர்களுக்குத்தான் அதிக இடம் போயிருக்கிறது. தப்பு நடப்பதும் அங்கேதான்.

கோவை வாசகர்: கர்நாடகக் கச்சேரிக்குப் பழகின காதுங்க. ஆலாபனை, நிரவல், கல்பனா ஸ்வரம் எல்லாமே மனோதர்மம்தானே? ஃப்ரீ ஜாஸ்ல மட்டும் என்ன புதுசு? தொடையில தாளம் போடவே முடியலையே!

ஆலாபனைக்குத் தாளம் போடுகிறீர்களா? அங்கே தொடையில் கை போவதில்லை; ஆனாலும் ஒரு சங்கதி எங்கே தொடங்கி எங்கே இறங்குகிறது என்று தெரிகிறது. ஃப்ரீ ஜாஸ் கேட்க அந்தக் காதே போதும்.

வித்தியாசம் வேலியில் இருக்கிறது. ஆலாபனைக்கு ராகம் வேலி. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் எங்கே சுற்றினாலும் கோர்வை முடிந்து எடுப்புக்கு வந்து சேர வேண்டும். வழக்கமான ஜாஸுக்கும் வேலி உண்டு. பெரும்பாலும் 32 பார் (தாளக் கட்டம்) கொண்ட ஒரு பாட்டு, அதன் கார்டுகள் (பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் அடுக்குகள்) அதே வரிசையில் திரும்பத் திரும்ப வரும். வாசிப்பவர் அதன் மேல் ஓடுவார். ஃப்ரீ ஜாஸ்காரர்கள் இந்தக் கார்டு வரிசையைத்தான் முதலில் பிடுங்கிப் போட்டார்கள்.

சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மனின் நால்வர் குழு 1959 நவம்பரில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் வாசிக்கத் தொடங்கியபோது ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. 1960 டிசம்பர் 21 அன்று அவர் இரண்டு நால்வர் குழுக்களைச் சேர்த்துப் பதிவு செய்தார். ஒரு குழு இடக் காதில், இன்னொன்று வலக் காதில், ஏறத்தாழ 37 நிமிடம். அதிலும் தனிவாசிப்புகளுக்கு நடுவே எழுதி வைத்த சிறு துண்டுகள் உண்டு. 'ஒன்றுமே திட்டமில்லை' என்று நினைப்பது தப்பு. 1965ல் சிகாகோவில் கறுப்பினக் கலைஞர்கள் ஏ.ஏ.சி.எம். என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு லண்டனில் ஏ.எம்.எம். குழு பிறந்தது. இங்கிலாந்தில் கிடார்க்காரர் டெரெக் பெய்லி, சாக்ஸபோன்காரர் ஈவன் பார்க்கர் போன்றவர்கள் ஜாஸ் நடையையும் கழற்றிவிட்டு, எந்த மரபையும் சாராத வாசிப்புக்குப் போனார்கள்.

வேலி போனால் மிச்சம் என்ன? நாதத்தின் தன்மை, உரப்பு, நெருக்கம், மௌனம், பக்கத்தில் நிற்கும் ஆள். அடுத்த ஸ்வரத்தை ராகம் தீர்மானிக்காது. பக்கத்து ஆள் இப்போது என்ன செய்தார் என்பதுதான் தீர்மானிக்கும். ஆகவே இந்த இசையில் வாசிப்பதைவிடக் கேட்பது பெரிய வேலை. கீழே வரும் நடைமுறைப் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

கேட்கும்போது முதல் பத்து நிமிடம் ஒரே ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், பேஸ்காரர் (பெரிய வயலின் போன்ற டபுள் பேஸ் வாசிப்பவர்) நல்லது. அவர் எப்போது மாறுகிறார், அவராக மாறினாரா, யாராவது இழுத்தார்களா என்று பாருங்கள். பிறகு யார் வாசிப்பதை நிறுத்தினார் என்று கவனியுங்கள். அனுபவம் குறைந்தவர்களுக்கு நிறுத்தத் தெரியாது. டிரம்ஸில் தாளத்தைத் தேடாதீர்கள். சன்னி மரே போன்ற டிரம்மர்கள் சிம்பலை இடைவிடாத அலையாக வாசித்தார்கள். அங்கே எண்ணிக்கை இருக்காது, துடிப்பு இருக்கும்.

சோமனூர் வாசகர்: ஏனுங்க, யூடியூப்ல ஒண்ணு கேட்டேன். எங்க வீட்டுக்குப் பின்னால தறி ஓடற சத்தமாட்டவே இருக்குது. இதுக்கு டிக்கெட் வேறயா?

ஒப்புமை நன்றாகத்தான் இருக்கிறது. இருபது தறி ஓடும் கொட்டகையில் ஒவ்வொன்றும் சற்றே வேறு வேகத்தில் ஓடும். அவ்வப்போது ஒன்றோடொன்று சேரும், பிறகு விலகும். அந்தச் சேர்க்கை தற்செயல். ஒரு தறியில் இழை அறுந்து நின்றால் பக்கத்துத் தறி கவலைப்படாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கச்சேரியில் ஒருவர் நின்றால் மற்றவர்கள் அந்தக் கணமே வேறு வாசிப்பு வாசிப்பார்கள். அடுத்த முறை கேட்கும்போது அந்த இடத்தைத் தேடிப் பாருங்கள். அப்படி ஒரு இடமும் அகப்படவில்லை என்றால் அது மட்டமான கச்சேரி. அப்படியும் நிறைய உண்டு.

இன்னொன்று: போன் ஸ்பீக்கரில் கேட்டால் பேஸ் முழுசாகக் காணாமல் போகும், சிம்பல் மட்டும் தகரம் போலக் கேட்கும். ஒரு ஹெட்போனாவது மாட்டுங்கள்.

திருப்பூர் வாசகர்: சாக்ஸபோன், டபுள் பேஸ், டிரம்ஸ்னு மூணு பேர் வர ஒத்துக்கிட்டாங்க. ஐம்பது அறுபது பேர் கேக்க வருவாங்க. கல்யாண மண்டபம் எடுக்கறதா, நம்ம பனியன் கம்பெனி குடோன்லயே வெச்சுக்கலாமுங்களா? மைக்செட் எவ்வளவு பெருசு வேணும்? மொதல் தடவைங்க, சொதப்பாமப் பண்ணோணும்.

குடோனிலேயே வையுங்கள்.

கல்யாண மண்டபத்தில் தரை கிரானைட், சுவர் சிமெண்ட், கூரை கான்கிரீட். ஒரு முறை பலமாகக் கை தட்டிவிட்டு, சத்தம் முழுதாக அடங்கும் வரை எண்ணுங்கள். இரண்டு விநாடிக்கு மேல் போனால் அந்த இடம் இந்த இசைக்கு ஆகாது. டிரம்ஸின் ஒரு அடி அடங்கும் முன் பத்து அடி விழுந்துவிடும், எல்லாம் கூழாகிவிடும். வாசிப்பவர்களுக்கு ஒருவரையொருவர் கேட்காது. கேட்காவிட்டால் உரக்க வாசிப்பார்கள். உரக்க வாசித்தால் இன்னும் கேட்காது.

உங்கள் குடோனில் இதற்கு மருந்து ஏற்கனவே இருக்கிறது. துணி ரோல்களையும் பேல்களையும் வாசிப்பவர்களுக்கு எதிர்ச்சுவரிலும் ஒரு பக்கச் சுவரிலும் ஆள் உயரத்துக்கு அடுக்குங்கள். பின்னலாடைத் துணி சத்தத்தை நன்றாகக் குடிக்கும். நான்கு சுவரையும் மூடிவிடாதீர்கள். அறை செத்துப்போகும், சாக்ஸ்காரருக்குத் தன் நாதமே திரும்பி வராது. வாசிப்பவர்களின் முதுகுச் சுவரை வெறுமையாக விடுங்கள்.

குடோனின் குறை தகரக் கூரையும் ஷட்டரும். டிரம்ஸ் வந்து இறங்கியதும் பேஸ் டிரம்மை மட்டும் மிதிக்கச் சொல்லி, அறையைச் சுற்றி நடந்து வாருங்கள். எது 'ஜர்ர்' என்கிறதோ அங்கே கை வையுங்கள். ஷட்டரின் இடுக்கில் துணியை மடித்துச் செருகுங்கள். ட்யூப்லைட் பட்டி, ஃபேன் கிரில், அலமாரிக் கண்ணாடி ஆகியவையும் வழக்கமாகச் சத்தம் போடும். மழை மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே கச்சேரி வைக்காதீர்கள். அதற்கு வைத்தியம் இல்லை.

மேடை வேண்டாம். தரையிலேயே நிற்கட்டும். மூவரும் நேர்வரிசையில் நிற்காமல் அரைவட்டமாக, ஒருவர் கண் ஒருவருக்குத் தெரியும்படி, ஆளுக்கு ஆள் 5 அல்லது 6 அடி இடைவெளியில் நிற்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் சத்தம் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். 30 அடி தள்ளி நின்றால் மற்றவரின் ஓசை ஒரு விநாடியின் நாற்பதில் ஒரு பங்கு தாமதமாக வந்து சேரும். கேட்பவருக்கு அது தெரியாது; வாசிப்பவருக்குக் கை தளரும். பெரிய மேடையின் இரு ஓரங்களில் ஆட்களை நிறுத்தினால் கச்சேரி ஒட்டாமல் போவதற்கு இது ஒரு காரணம். டிரம்ஸுக்கும் சாக்ஸுக்கும் நடுவில் பேஸ் நிற்கட்டும். கேட்பவர்கள் மூன்று பக்கமும் உட்காரலாம். முன்னால் இரண்டு வரிசை பாயில், பின்னால் நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி தரையில் இழுபடும் கீச்சு, மெல்லிய இடத்தில் இடி போலக் கேட்கும். அவற்றின் அடியில் விரிப்பு போடுங்கள்.

மைக்செட் விஷயம். அறுபது பேர் கொண்ட அறையில் சாக்ஸுக்கும் டிரம்ஸுக்கும் மைக் தேவையே இல்லை. பேஸுக்கு மட்டும் அவர் பக்கத்திலேயே ஒரு சிறு பேஸ் ஆம்ப்; நாலு வார்த்தை பேச ஒரு மைக். மைக்செட்டுக்காரர் டெம்போவில் நாலு பாக்ஸ் ஏற்றி வந்தால் மூன்று டெம்போவிலேயே இருக்கட்டும். கோயில் நோம்பிக்குப் பழகிய கை, கேட்காமலே எக்கோவை ஏற்றிவிடும். 'எக்கோ வேண்டாமுங்க' என்று வாயால் சொல்லிவிட்டு, கண்ணாலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். வாசிப்பவர்கள் பக்கம் திருப்பி வைக்கும் மானிட்டர் பாக்ஸும் வேண்டாம். மூவரும் நெருங்கி நின்றாலே போதும்.

டிரம்ஸ் வாடகைக்கு எடுக்கும்போது கவனம். மெல்லிசைக் குழுக்களிடம் கிடைப்பது பெரும்பாலும் 22 அங்குல பேஸ் டிரம், உள்ளே தலையணை திணித்தது. இந்த இசைக்கு 18 அல்லது 20 அங்குலம் கேளுங்கள். தலையணையை எடுத்துவிடுங்கள், முன்தோல் ஓட்டையில்லாமல் இருக்க வேண்டும். 14 அங்குல ஸ்னேர், 12, 14 அங்குல டாம் ஒவ்வொன்று, 14 அங்குல ஹைஹேட், 20 அங்குல ரைடு போதும். சிம்பலைப் பெரும்பாலும் டிரம்மரே கொண்டு வருவார், முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டூல் கிரீச்சிடுகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். அடியில் ஆறடிக்கு ஆறடி பவானி ஜமுக்காளம் விரிக்கலாம். ஆனால் வழவழத் தரையில் ஜமுக்காளமே வழுக்கும். அதற்குக் கீழே ரப்பர் மேட் வேண்டும். இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் பேஸ் டிரம் முதல் வரிசை மடியில் போய் உட்கார்ந்துவிடும். டபுள் பேஸின் எண்ட்பின் கூர்க்கம்பிக்கும் ஒரு ரப்பர் துண்டு தேவை.

மின்சாரம்: ஆம்பை மூன்று முள் பிளக்கில், நல்ல எர்த் உள்ள பாயிண்ட்டில் மாட்டுங்கள். 'ம்ம்ம்' என்று ரீங்காரம் வந்தால் எர்த் முள்ளை வெட்டுகிற வேலை வேண்டாம், அது உயிருக்கு ஆபத்து. ஆம்பையும் மிக்ஸரையும் ஒரே பாயிண்ட்டிலிருந்து எடுத்தால் பாதி ரீங்காரம் போய்விடும். மிச்சத்துக்கு, வாத்தியத்தை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டரில், குறிப்பாக ஸ்கொயர் வேவ் வகையில், ஆம்ப் கொசு மாதிரிக் கத்தும். ஜெனரேட்டர் வேண்டியிருந்தால் நூறடிக்கு அப்பால், காற்று போகும் பக்கம் வையுங்கள். சீரியல் செட், பிரிட்ஜ், பெடஸ்டல் ஃபேன் எல்லாம் கச்சேரி நேரத்தில் நிறுத்தம். சீலிங் ஃபேனை மெதுவாக ஓடவிடலாம்.

ஞாயிறு மாலை 6:30 வசதி. சனிக்கிழமை சம்பள நாள் பரபரப்பில் யாரும் வரமாட்டார்கள். 35 முதல் 40 நிமிடம் ஒரு சுற்று, 20 நிமிட இடைவேளை, இன்னொரு சுற்று. அதற்கு மேல் நீட்டினால் வாசிப்பவர்களுக்குக் காது களைத்துவிடும். கலைஞர்கள் 4 மணிக்கு வந்து அரைமணி நேரம் அறையில் வாசித்துப் பார்க்கட்டும். காலி அறையில் கேட்பதைவிட ஆள் நிறைந்தபின் சத்தம் குறைந்து கேட்கும். அதை நினைவில் வைத்தே முடிவெடுங்கள்.

பணக் கணக்கு: 60 இடம், தலைக்கு 300 என்றால் 18,000 என்று எழுதிவிடாதீர்கள். 40 பேர் என்று வைத்து 12,000 என்றே எழுதுங்கள். கலைஞர் பயணம், தங்கல், சம்பளம் முதலில், வாத்திய வாடகை அடுத்து, மைக்செட் கடைசி. குறைந்தபட்சத் தொகை இவ்வளவு, அதற்கு மேல் வசூலானால் இன்ன பங்கு என்று முன்பே எழுத்தில் பேசிக்கொண்டு, அன்றிரவே கொடுத்துவிடுங்கள். விருந்தோம்பல் நம் ஊர்ப் பெருமைதான். ஆனால் கச்சேரிக்கு முன்னால் அரிசிம்பருப்பு சாதத்தில் நெய் ஊற்றி உபசரித்தால் சாக்ஸ்காரருக்கு மூச்சு எழாது. 5 மணிக்குக் காப்பி, லேசான பலகாரம். விருந்து பிறகு.

பொள்ளாச்சி வாசகர்: தென்னந்தோப்புச் சாளை (தோட்டத்து வீடு) முன்னால திறந்தவெளியில வைக்கலாம்னு ஆசை. ஆடி மாசம் லீவு கிடைக்குது. சரியா வருங்களா?

ஆடியில் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் ஊரைத்தான் முதலில் பிடிக்கும். தென்னை ஓலைச் சலசலப்பு மேல் ஸ்தாயி முழுவதையும் மூடிவிடும். மைக்கில் காற்று மோதினால் 'புடுபுடு'தான் வரும். பஞ்சு உறை போட்டு, மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் ஓரளவு அடங்கும். ஆனால் அதோடு பேஸின் அடிநாதமும் போய்விடும். திறந்தவெளியில் சுவர் இல்லாததால் சத்தம் திரும்பி வராது. வாசிப்பவர்கள் தனித்தனித் தீவில் நிற்பது போல உணர்வார்கள்.

மார்கழி, தையில் வையுங்கள். சாளைச் சுவரை முதுகுக்கு வைத்து, களத்தில் ஆட்களை உட்கார வையுங்கள். திண்ணையும் தாழ்வாரமும் இருந்தால் இன்னும் நல்லது. கூரைச் சரிவு ஓசையை முன்னால் தள்ளும். மாசிக்கு மேல் வறண்ட காற்றில் சாக்ஸ் ரீட் சீக்கிரம் காய்ந்து ஓரம் நெளியும். அது நாணல் வகைத் தட்டையில் செதுக்கியது. வாசிக்கும் முன் ஒன்றிரண்டு நிமிடம் தண்ணீரில் ஊறினால் சரியாகும். ஒரு தம்ளர் தண்ணீர் பக்கத்தில் வையுங்கள், குடிக்க வேறு தம்ளர்.

ஈரோடு வாசகர்: நாதஸ்வரம் வாசிக்கிறேனுங்க, கூட அண்ணன் தவில். சாக்ஸ் வாசிக்கிற ஒருத்தர் 'சேர்ந்து ஃப்ரீயா வாசிக்கலாம்'னு கூப்பிடறார். சுருதி எப்படிச் சேரும்? என்ன ஒத்திகை பார்க்கறது?

சுருதி நீங்கள் பயப்படும் அளவுக்குச் சிக்கல் இல்லை. ஆல்ட்டோ சாக்ஸில் அவர் 'சி' என்று விரல் வைத்தால் வெளியே வருவது ஈ ஃப்ளாட். நம் கணக்கில் இரண்டரைக் கட்டை. உங்கள் பாரி நாதஸ்வரமும் இரண்டு, இரண்டரைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இரண்டரை என்றால் அவருக்கு விரலும் சுகம், உங்களுக்கும் சுகம். டெனர் சாக்ஸ் என்றால் அவருடைய 'சி' ஆறரைக் கட்டை. அப்போது அவர்தான் விரலை மாற்ற வேண்டும். சின்ன வித்தியாசத்தை அவர் மௌத்பீஸை இழுத்துச் சரிசெய்வார், நீங்கள் சீவாளியிலும் உதட்டிலும். வெயில் ஏற ஏற இரண்டு வாத்தியத்துக்கும் சுருதி ஏறும், எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டிக்கு ஏறாது. பெட்டியை அணைத்துவிட்டு ஒருவரோடொருவர் சேருங்கள். ஒத்து ஊதுகிறவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி மூக்கால் மூச்சு வாங்கி அறாமல் ஊதுகிறாரே, ஈவன் பார்க்கர் சொப்ரானோ சாக்ஸில் நீண்ட நேரம் அறாமல் வாசிப்பதும் அதே வித்தைதான். உங்கள் வீட்டில் ஒத்துக்காரர் இருந்தால் அழைத்துப் போங்கள்.

உரப்புதான் நிஜமான சிக்கல். தவில் பக்கத்தில் 100 டெசிபல் தாண்டும். அண்ணன் 8, 10 அடி தள்ளி உட்காரட்டும். வலந்தலை சாக்ஸ்காரர் காதுக்கு நேராக இருக்கக் கூடாது. மெல்லிய பகுதிகளில் விரலில் கூடு மாட்டாமல் வெறும் கையால் வாசித்தால் பாதிச் சத்தம் குறையும். தொப்பியில் குச்சிக்குப் பதில் உள்ளங்கையைப் பயன்படுத்தலாம்.

ஒத்திகையில் பாட்டு பார்க்காதீர்கள், பழக்கம் பாருங்கள். முதலில் ஐந்து நிமிடம் எல்லோரும் ஒரே ஸ்வரம், ஷட்ஜம் மட்டும். மாற்றலாம் என்றால் உரப்பையும் நாதத்தையும் மட்டும். இரண்டாவது, எந்த நேரமும் இருவர் மட்டுமே ஒலிக்க வேண்டும். மூன்றாமவர் நுழைந்தால் மற்ற இருவரில் ஒருவர் நிறுத்தியாக வேண்டும். யார் என்று கண்ணால் பேசக் கூடாது, காதால் தீர்மானிக்க வேண்டும். மூன்றாவது, ஃபேன் சத்தத்தைவிட உரக்க யாரும் வாசிக்காத மூன்று நிமிடம். நாதஸ்வரத்துக்கு இதுதான் கடினம், இதில்தான் அதிகம் கற்பீர்கள். கடைசியாக, இரண்டிரண்டு நிமிடத் துண்டுகளாக ஐந்து தடவை தொடங்கி முடியுங்கள். தொடங்க எல்லோருக்கும் வரும். முடிக்கத்தான் வராது, மூன்று இடத்தில் முடிந்திருக்க வேண்டிய வாசிப்பு யாரோ ஒருவர் 'இன்னொரு தடவை' என்று ஊதியதால் நீண்டுகொண்டே போகும்.

வழக்கமாக நடக்கும் தப்பு: உங்களுக்குக் கை தன்னால் கல்யாணிக்கோ தோடிக்கோ போய்விடும், உடனே சாக்ஸ்காரர் மரியாதை கருதிப் பக்கவாத்தியம் ஆகிவிடுவார். அண்ணன் ஒரு கோர்வையைத் தொடங்கினால் எல்லோரும் அது முடியும் வரை கையைக் கட்டிக் காத்திருப்பார்கள். ராகமும் கோர்வையும் தடை இல்லை. ஆனால் வந்தால் பாதியில் விட்டுவிடவும் தயாராக இருங்கள். மூவருக்கு மேல் ஆள் சேர்ந்தால் சைகை தேவைப்படும். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஜோர்ன் 1984ல் விளையாட்டு போல அமைத்த 'கோப்ரா'வில் ஒருவர் அட்டைகளைத் தூக்கிக் காட்டுவார், வாசிப்பவர்கள் விதிப்படி மாறுவார்கள். இன்னொரு அமெரிக்கர் புட்ச் மோரிஸ் 1985 முதல் கைச்சைகையாலேயே முழுக் குழுவை நடத்தினார். உங்களுக்கு நிறுத்து, மெல்ல, இவர் மட்டும், திரும்ப அதுவே என்று நாலு சைகை போதும்.

இரண்டு வாத்தியமும் ஏற்கனவே பழக்கமானவைதான். அமெரிக்க சாக்ஸ் கலைஞர் சார்லி மரியானோ நாதஸ்வரம் கற்று மேடையில் வாசித்தவர். சாக்ஸபோனைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த கத்ரி கோபால்நாத், அமெரிக்க சாக்ஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவின் ஜாஸ் குழுவுடன் சேர்ந்து வாசித்த இசைத்தட்டு 2008ல் வந்தது. அது எழுதி வைத்த இசை கலந்தது. நீங்கள் இறங்குவது இன்னும் ஆழமான தண்ணீர்.

கோபிசெட்டிபாளையம் வாசகர்: போலீஸ் அனுமதி வேணுங்களா? ராத்திரி எத்தனை மணி வரைக்கும்?

ஒலிபெருக்கி வைத்தால் எழுத்து அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. சத்தம் உள்ளேயே நிற்கும் மூடிய அரங்கங்களுக்கு விலக்கு உண்டு. குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். 9 மணிக்கே முடித்துவிடுங்கள், பக்கத்து வீடுகளுக்கு முதல்நாளே சொல்லிவிடுங்கள். புகார் வருவது பெரும்பாலும் சொல்லாததால்தான். அப்போதே உருவாகும் இசையில் பிறர் பாட்டு இல்லாததால் பாட்டு உரிமைத் தொகை எழாது. இடைவேளையில் சினிமாப் பாட்டு போட்டீர்களானால் எழும்.

சேலம் வாசகர்: கச்சேரியை ரெக்கார்ட் செய்தால் மெல்லிய இடத்தில் இரைச்சல், உரத்த இடத்தில் கிழிசல். போனில்தான் எடுக்கிறேன்.

போன் தானாகவே அளவை ஏற்றி இறக்கும். மௌனத்தில் ஏற்றுவதால் ஃபேன் இரைச்சல் வருகிறது. அடுத்து திடீரென்று அடி விழும்போது இறக்குவதற்குள் கிழிந்துவிடுகிறது. இந்த இசையில் முன்னறிவிப்பு இல்லாமல் உரப்பு எகிறும் என்பதால் மற்றக் கச்சேரிகளைவிட இது அதிகம் நடக்கும். கையடக்க ரெக்கார்டர் ஒன்று வாங்குங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். ஆட்டோ லெவல், லிமிட்டர் இரண்டும் அணைப்பு. ஒத்திகையின் மிக உரத்த இடத்தில் முள் மைனஸ் 18 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். கச்சேரியில் அவர்கள் கட்டாயம் இன்னும் உரக்க வாசிப்பார்கள். 24 பிட்டில் பிறகு ஏற்றிக்கொண்டால் ஒன்றும் கெடாது. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும்.

தனி மைக் இரண்டு இருந்தால் கார்டியாய்ட் (முன்பக்க ஓசையை அதிகம் பிடிக்கும்) வகையாகப் பார்த்து, தலைகள் 17 செ.மீ. இடைவெளியில், 110 பாகை விரித்து, ஏழெட்டு அடி உயர ஸ்டாண்டில், வாசிப்பவர்களுக்கு எட்டுப் பத்து அடி முன்னால் வையுங்கள். யார் எங்கே நின்றார் என்பது பதிவில் அப்படியே தெரியும். ஆளுக்கொரு மைக் வைத்துப் பிறகு கலக்குவது இந்த இசைக்குத் தேவையில்லாத வேலை. அளவைத்தான் அவர்களே வாசிப்பில் கலந்துவிடுகிறார்களே.

கரூர் வாசகர்: எப்போது கை தட்டுவது? பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாமா? ஆறு வயது மகளை அழைத்து வரலாமா?

தனிவாசிப்பு முடிந்ததும் நடுவில் தட்டும் ஜாஸ் வழக்கம் இங்கே பெரும்பாலும் இல்லை. மௌனம் வந்ததும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வில் கம்பியை விட்டு இறங்கி, குச்சி மடிக்கு வந்த பிறகு தட்டுங்கள். எழுந்து போவது தாராளமாகச் செய்யலாம், உரத்த இடம் பார்த்துப் போங்கள்.

மகளை அழைத்து வாருங்கள். பிள்ளைகள் இந்த இசைக்குப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பழகுகிறார்கள். காது மட்டும் பத்திரம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை என்பது பெரியவர்களுக்கான தொழிற்பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 94ல் ஒரு மணி, 100ல் கால் மணி. பஞ்சு வைப்பது போதாது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஃபோம் அடைப்பானை உருட்டிச் சிறிதாக்கி, காது மடலை மேலே இழுத்துச் செருகி, விரியும் வரை அரை நிமிடம் பிடியுங்கள். பெரியவர் அளவு சிறு காதில் நிற்காது. தலைக்கு மேல் மாட்டும் காது மூடி வாங்கினால் நிற்கும். டிரம்ஸுக்கு நேர் எதிரே உட்காராமல் பேஸ்காரர் பக்கம், கதவோரமாக இடம் பிடியுங்கள்.